டீச்சராச்சி பழநிக்கு நடக்கலாமா?

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். கேள்விகளுக்கு அவரே எண் போட்டு, முக்கியமானவற்றுக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டிருக்கிறார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். பெயர், ஊர் வேண்டாம் என்கிறார். "டீச்சராச்சி என்று போட்டால் போதும், தெருவில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்." சரி, அப்படியே வைத்துக்கொள்வோம்.

வயது 63. கணவர் காலமாகி ஏழு வருடம். மகன் சிங்கப்பூரில், மகள் கோயம்புத்தூரில். பதினோரு புள்ளிகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, பங்குள்ள பழைய வீடு. மற்றவர்கள் கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு) என்றால்தான் வருவார்கள். முகப்பிலிருந்து கடைசிக் கட்டு வரை கூப்பிட்டால் குரல் எட்டாத அந்த வீட்டில் இவர் புழங்குவது இரண்டு அறைகளில். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் இரண்டு வேளை, கிளிமிபிரைடு காலையில் ஒன்று, பிரஷருக்கு ஒரு மாத்திரை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.6. வலது முழங்காலில் வலி உண்டு.

அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, வருடாவருடம் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) காவடியோடு பழநிக்கு நடந்தவர். இவர் சிறுமியாகக் குன்றக்குடி வரை போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பியிருக்கிறார். 34 வருட சர்வீஸில் ஒரு தடவைகூட நடக்க முடியவில்லை. பூசம் வரும் நேரத்தில்தான் பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு வரும். ரிட்டயராகி மூன்று வருடம் ஆகிவிட்டது. வரும் தைப்பூசத்துக்கு நடந்தே தீருவது என்று நினைத்திருக்கிறார், அதுவும் வெறுங்காலில்.

மகன் கூடாது என்கிறார். வீட்டில் மூன்று கேமரா பொருத்தியிருக்கிறார். கதவைத் திறந்தால் சிங்கப்பூரிலிருந்து போன் அடிக்கிறது: "எங்க ஆத்தா கிளம்பிட்டீக?" மகளோ காரில் அழைத்துப்போய்க் காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்கிறார். நடக்கலாமா, விரத நாட்களில் மாத்திரையை நிறுத்தலாமா, தேய்ந்த மூட்டு இன்னும் தேயுமா, பிள்ளைகள் பேச்சை மீறலாமா என்று நான்கு கேள்விகள்.

டீச்சராச்சி, நடக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். உங்களை நேரில் பரிசோதிக்காமல் அதற்கு மேல் சொல்வது முறையில்லை. உங்கள் மகன் மூட்டை நினைத்துப் பயப்படுகிறார். எனக்கு மூட்டைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. மூன்றாம் பக்கத்தில் நீங்கள் சந்தோஷமாக எழுதியிருக்கும் ஒரு வரிதான் இடிக்கிறது: "ரெண்டு வருஷமாக இருந்த உள்ளங்கால் எரிச்சல் இப்போது மருந்தில்லாமலே நின்றுவிட்டது."

எரிச்சல் நின்றது நல்ல செய்தியா?

சில சமயம் நல்ல செய்திதான். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் எரிச்சல் குறையலாம். ஆனால் பல வருடச் சர்க்கரையில் இன்னொன்றும் நடக்கும். காலின் நுனி நரம்புகள் பழுதாக ஆரம்பிக்கும்போது எரிச்சல், குத்தல், மதமதப்பு வரும். பழுது முற்றினால் அந்த நரம்பு எரிச்சலைக்கூடச் சொல்வதை நிறுத்திவிடும். வலி போய்விட்டதென்று நாம் நிம்மதியாக இருப்போம். உண்மையில் போனது உணர்ச்சி.

சில வருடங்களுக்கு முன் பழநி நடந்து வந்த ஒருவர், லேசாகக் காய்ச்சல் என்று என்னிடம் வந்தார். நெற்றி நிறைய விபூதி, முகத்தில் அப்படியொரு திருப்தி. காலைக் காட்டச் சொன்னேன். குதிகாலுக்கு முன்னால் சீமைக்கருவேல முள் ஒன்று, விரல் நகத்தின் நீளத்துக்கு, உள்ளே ஒடிந்து கிடந்தது. சுற்றிலும் சீழ். "எப்போது குத்தியது?" என்றால் அவருக்குத் தெரியவில்லை. நாலு நாள் அதன்மேலேயே நடந்திருக்கிறார். ஒரு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. நம் பக்கத்துக் கண்மாய்க்கரையும் ரோட்டோரமும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் முதல் வேலை காலைச் சோதிப்பது. தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை இருக்கிறது. பத்து கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும். கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் சில இடங்களில் அதை வைத்து "தெரிகிறதா?" என்று கேட்பார்கள். இசைக்கவையைத் தட்டிக் கால் பெருவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள். பாதத்தில் நாடியைத் தொட்டு ரத்த ஓட்டம் பார்ப்பார்கள். பத்து நிமிட வேலை, வலியே இல்லை. சர்க்கரைக்காரர்கள் எல்லோருக்கும் வருடம் ஒருமுறை செய்ய வேண்டியது. உங்களுக்கு இதுவரை யாரும் செய்ததாகக் கடிதத்தில் இல்லை.

உணர்ச்சி நன்றாக இருந்தால் இந்த வருடமே முழுப் பயணத்துக்குத் தயாராகலாம். குறைந்திருந்தால் வெறுங்கால் என்ற பேச்சே கிடையாது. சரியான காலணியோடு, குறைந்த தூரம் மட்டும்: முதல் நாள் குன்றக்குடியிலிருந்து கொஞ்ச தூரம், கடைசி நாள் பழநிக்குள் கொஞ்ச தூரம், நடுவில் வண்டி. காலில் ஆறாத புண் இருந்தாலோ, முன்பு இருந்து ஆறியிருந்தாலோ, இந்தத் தையில் வழியில் ஒரு மண்டபத்தில் அமர்ந்து அன்னதானத்துக்குக் காய் நறுக்குங்கள். அதையும் முருகன் கணக்கில் எழுதிக்கொள்வான்.

வெறுங்கால் வேண்டுதல் என்கிறீர்கள். முருகனிடம் பேச எனக்குத் தகுதியில்லை. காலைப் பற்றி மட்டும் பேசுகிறேன். உணர்ச்சி நன்றாக இருந்தாலும் ஒன்பது வருடச் சர்க்கரையோடு அவ்வளவு தூரம் வெறுங்காலில் வேண்டாம். சாதாரண எம்சிஆர் (மெத்தென்ற ரப்பர்) செருப்பும் நீண்ட நடைக்குப் போதாது. குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் பட்டை வேண்டும், அல்லது விரல் அகலமாக விரியும் நடை ஷூவும் பருத்திக் காலுறையும். கடைக்குச் சாயங்காலம் போங்கள், பாதம் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும். வாங்கி இரண்டு மாதமாவது பழக்கிய காலணிதான் பயணத்துக்கு. கிளம்பும் அன்று புதுச்செருப்பு போட்டவர் சிங்கம்புணரி தாண்டுவதற்குள் கொப்புளத்தோடு உட்கார்ந்திருப்பார்.

இத்துடன் ஈசிஜி, சிறுநீரகத்துக்கு கிரியேட்டினின், விழித்திரைப் பரிசோதனை மூன்றும் வேண்டும். மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்போ இருந்தால், ஈசிஜி சரியாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். இதய மருத்துவரைப் பார்த்த பிறகுதான் நடை.

மூட்டு

நடந்தால் மூட்டு தேயும் என்பது செருப்புக் கணக்கு. மூட்டு செருப்பல்ல, உயிருள்ள திசு. தேய்மானம் உள்ள முழங்காலுக்கு நாங்கள் முதலில் எழுதித் தருவதே உடற்பயிற்சிதான். தொடைத் தசை வலுவானால் முழங்காலுக்கு வரும் சுமையை அது வாங்கிக்கொள்ளும். நாற்காலியில் உட்கார்ந்து, காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை, காலை மாலை. பிறகு கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள், பத்துத் தடவை. நடந்த மறுநாள் காலையிலும் வலி குறையாமல் இருந்தால் தூரம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். மூட்டு வீங்கினால் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். ஒரு கைத்தடி வாங்குங்கள். வலி வலது காலில் என்பதால் தடி இடது கையில். முக்கால்வாசிப் பேர் இதை மாற்றித்தான் பிடிக்கிறார்கள்.

வழியில் அன்போடு வலி மாத்திரை கொடுப்பார்கள். டைக்ளோஃபெனாக் போன்றவற்றை வாங்காதீர்கள். தண்ணீர் குறைந்த உடம்பில், பிரஷர் மாத்திரையோடு சேர்ந்து அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். தேவைப்பட்டால் பாராசிட்டமால், மேலே தடவக் களிம்பு. அவ்வளவுதான்.

மாத்திரையும் விரதமும்

"சாப்பாடே ஒருவேளை என்னும்போது மாத்திரை எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கு டீச்சரின் தர்க்கம், பாதி சரி. உங்கள் இரண்டு சர்க்கரை மாத்திரைகளும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல், இருட்டோடு கிளம்பிப் பத்து மைல் நடந்தால் வழியில் விழுவீர்கள். இரண்டையும் நிறுத்திவிட்டு மண்டபத்துக்கு மண்டபம் சாதமும் கேசரியும் பானகமும் வாங்கிச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், தாகமெடுக்கும், உடம்பு வறளும், கொப்புளம் புண்ணாகும். கிளிமிபிரைடைக் குறைப்பதா, மாற்றுவதா என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். விரதம் தொடங்க ஒரு மாதம் முன்பே கேளுங்கள். ஒருவேளைச் சாப்பாடு என்பதை மூன்று சிறு வேளையாக்கினாலும் அசைவமில்லாத விரதம் விரதம்தான்.

வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, தலை சுற்றல், தடுமாறும் பேச்சு, இதில் எது வந்தாலும் நின்றுவிடுங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி கழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு தடவை. சரியானதும் இரண்டு பிஸ்கட்டோ கொஞ்சம் சுண்டலோ. சர்க்கரைப் பொட்டலம் உங்கள் மடியிலேயே இருக்க வேண்டும்; பின்னால் வேனில் வரும் பையில் அல்ல.

பிரஷர் மாத்திரையின் பெயரை எழுதவில்லை. கூட்டு மாத்திரையாக இருந்து அதில் நீர் பிரிக்கும் மருந்து கலந்திருந்தால், அந்த நாட்களுக்கு மாற்ற வேண்டியிருக்கலாம். வேறு சில பிரஷர் மாத்திரைகள் தாழ்சர்க்கரையின் நடுக்கத்தையும் படபடப்பையும் வெளியே தெரியாமல் மறைத்துவிடும். அட்டையைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

ஆறு மாதம், ஒன்பது கோயில்

"தினமும் வளவைச் சுற்றி நூறு சுற்று நடக்கிறேன், போதாதா?" வளவு என்பது வீட்டின் உள்முற்றம்; அது போதாது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரை கண்ணாடி மாதிரி சமம். தார் ரோடு ஓரத்தில் சரியும், ஜல்லி இருக்கும், வெயில் இருக்கும். குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழநி 150 கிலோமீட்டர் சுமாருக்கு வரும். ஐந்தாறு நாளில் முடிக்க, நாளொன்றுக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

இப்போது ஆடி. தைப்பூசத்துக்கு ஆறு மாதம் இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் நடை, அதில் ஒருநாள் நீள நடை. நீள நடையை இரண்டு கிலோமீட்டரில் தொடங்கி, வாரத்துக்குப் பத்து சதவீதம் மட்டும் கூட்டுங்கள். கூட்டு வட்டியை நகரத்தார் வீட்டு ஆச்சிக்கு, அதுவும் கணக்கு டீச்சருக்கு, நான் சொல்லித்தர வேண்டியதில்லை: 24 வாரத்தில் அது கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் ஆகிவிடும். முதல் மாதம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அவசரப்பட்டு அசலைக் கூட்டாதீர்கள், கால் அங்கேதான் மடங்கும்.

எங்கே நடப்பது? என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. இலுப்பைக்குடி, மாத்தூர், வேலங்குடி, சூரைக்குடி, நேமம், பிள்ளையார்பட்டி, வைரவன்கோவில், இரணியூர், இளையாத்தங்குடி. நகரத்தாரில் பிரிவுக்கு ஒன்றாக உள்ள இந்த ஒன்பது நகரக் கோயில்களில் உங்களுடையது ஒன்றுதான். மற்ற எட்டில் எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? பார்த்திருந்தாலும் கல்யாணக் காரில் போய் இறங்கியிருப்பீர்கள். கிட்டத்தில் இருப்பதற்கு முதலில் ஒருவழி நடந்து போங்கள், டவுன் பஸ்ஸில் திரும்புங்கள். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தூரக் கோயில்களுக்குப் பஸ்ஸில் பாதிவழி போய் இறங்கி மீதியை நடக்கலாம். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் கோயில் திண்ணையில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வளவே கதி. அப்போது மட்டும் உங்கள் நூறு சுற்று செல்லும். ஆனால் சாரல் அடித்த கல்லில் காலை வைக்காதீர்கள், விழுந்தால் இடுப்பெலும்பு.

மார்கழியில் அடுத்தடுத்து இரண்டு நாள், பதினைந்து பதினைந்து கிலோமீட்டர் நடந்து பாருங்கள். இரண்டாம் நாள் காலையில் உடம்பு என்ன சொல்கிறதோ அதுதான் உண்மையான பதில். தினமும் ராத்திரி பாதத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, உள்ளங்காலை செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் வீட்டில் இன்னொரு கேமராவுக்கும் வேலை வந்தாயிற்று.

தண்ணீர்

தண்ணீரைக் குறைத்துக்கொள்வேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வழியில் ஒதுங்க இடமில்லை என்று. இது உங்கள் பிடிவாதமல்ல, வழி நெடுகப் பெண்கள் படும் உண்மையான கஷ்டம். ஆனால் சர்க்கரைக்காரர் தண்ணீரைக் குறைத்து, மூத்திரத்தையும் அடக்கினால் சிறுநீர்த் தொற்று நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். போன வருடம் நடந்த பெண்கள் யார் என்று உங்கள் ஊர் நகரக் கோயிலில் கேட்டால் தெரிந்துவிடும். அவர்களைப் பிடித்து எந்தெந்த இடத்தில் வசதி உண்டு என்று ஒரு பட்டியல் போடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி குடியுங்கள். இருட்டில் ஒளிரும் பட்டை போட்டு, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி ரோட்டின் வலது பக்கம் நடங்கள். கழுத்து அட்டையில் பெயர், நோய், மாத்திரை, மகள் எண். ஓய்வூதியர் காப்பீட்டு அட்டையின் நகல் பையில் இருக்கட்டும். அவசரத்துக்கு 108.

எண் போடாத கேள்வி

கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். சில நாள் பதினொரு மணிக்குக் காய்க்காரம்மா வந்து கூப்பிடும்போது பதில் சொல்ல வாயைத் திறந்தால் குரல் கம்முகிறது; அப்போதுதான் அன்று இன்னும் யாரிடமும் பேசவில்லை என்று தெரிகிறது. அதற்கு நீங்கள் எண் போடவில்லை, கோடும் போடவில்லை. நான் போடுகிறேன். 34 வருடம் ஒரு வகுப்புக்கு நாற்பது பிள்ளைகளோடு கத்திய குரல் அது. பழநி ஆசையில் முருகன் பாதி, அப்பச்சி கால், இந்தக் குரல் கால் என்று தோன்றுகிறது. தப்பாக இருந்தால் மன்னியுங்கள். தூக்கம் கெடுவது, சாப்பாட்டில் மனம் போகாதது, எதிலும் பிடிப்பில்லாதது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் வைத்தியம் உண்டு. ஒன்பது கோயில் நடைக்குத் தனியாகப் போகாதீர்கள் என்று சொல்வது பாதுகாப்புக்காக மட்டுமல்ல. உங்களோடு வேலை பார்த்து ரிட்டயரான டீச்சர்கள் யாராவது அக்கம்பக்கத்தில் இருப்பார்கள். ஒருவரையாவது இழுத்து வாருங்கள்.

பிள்ளைகள் விஷயம். தெளிந்த புத்தியுள்ள 63 வயதுக்காரரின் உடம்பைப் பற்றிய முடிவு அவருடையது. நாங்கள் ஆபரேஷனுக்குக்கூட நோயாளியிடம்தான் கையெழுத்து கேட்கிறோம்; அவர் நினைவோடு இருக்கும்போது மகனிடம் சம்மதம் கேட்பதில்லை. ஆனால் மகன் பயப்படுவதில் நியாயம் இல்லாமலில்லை. அவ்வளவு பெரிய வீட்டில் நீங்கள் விழுந்தால் யாருக்குத் தெரியும்? மூன்று கேமராவில் முகப்பில் இருப்பது இருக்கட்டும். வளவிலும் அறை வாசலிலும் இருப்பதைக் கழற்றச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக, நடக்கும்போது போனில் இருப்பிடம் அவருக்குத் தெரியும்படி வையுங்கள். "போகட்டுமா?" என்று கேட்காதீர்கள், வேண்டாம் என்றுதான் வரும். கால் பரிசோதனை முடிவையும், ஈசிஜியையும், ஒவ்வொரு வாரமும் எத்தனை கிலோமீட்டர் நடந்தீர்கள் என்ற அட்டவணையையும் அனுப்புங்கள். மார்கழிக்குள் அவரே லீவு கேட்டுக் கூட நடக்க வந்தாலும் வரலாம். மகளின் காரை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். திண்டுக்கல்லில் அது நிற்கட்டும். அங்கே உடம்பு முடியவில்லை என்றால் ஏறி உட்காருவதற்கு வெட்கம் வேண்டாம்.

இன்னொன்று, பழநி போய்ச் சேர்ந்தவர்கள் யாரும் யோசிக்காதது. அறுநூற்றுச் சொச்சம் படி இருக்கிறது. அத்தனை நாள் நடந்த முழங்காலோடு அதில் ஏற வேண்டாம். யானைப்பாதை சரிவாக இருக்கும், மெதுவாக அதில் போங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குக் கேடு. இறங்கும்போது வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் காத்திருந்து விஞ்சில் இறங்குங்கள்.